மைன்கிராஃப்ட்டில் பின்னணி இசை மாற்றினேன், மெனுவில் பாடுகிறது, உள்ளே போனால் சத்தமே இல்லை

பனங்காட்டு_நரி:
அவசரம், தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். மைன்கிராஃப்ட்டில் வரும் பியானோ இசை கேட்டுக் கேட்டுப் புளித்துப் போச்சு, அதனால் ரிசோர்ஸ் பேக் (விளையாட்டின் சத்தம், படங்களை மாற்றும் ஃபைல் தொகுப்பு) ஒன்று செய்து எனக்குப் பிடித்த பாட்டுகளைப் போட்டேன். முதல் திரையில் ஜோராகப் பாடுகிறது. உலகத்துக்குள் போனால் ஒன்றும் இல்லை. மண் வெட்டும் சத்தம், மாடு கத்தும் சத்தம் எல்லாம் வருகிறது, இசை மட்டும் கிடையாது. எப்போதாவது பழைய இசை ஒன்று வந்து வெறுப்பேற்றிவிட்டுப் போகிறது. அதே பாட்டுகள் விஎல்சி பிளேயரில் நன்றாக ஓடுகின்றன. எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறேன். என்ன பண்ணலாம்?

பிக்சல்_பாண்டி:
ஜாவா பதிப்பா, பெட்ராக்கா? எந்த வெர்ஷன்? பாட்டு என்ன ஃபார்மேட்? எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் போட்டீர்கள்? வேறு மாட் (விளையாட்டை மாற்றும் துணை நிரல்) ஏதாவது இருக்கிறதா? "எல்லாம் சரியாக" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது சகோ.

அரைத்தூக்கம்:
காத்திருந்து பார்த்தீர்களா? ஜாவா பதிப்பில் உலகத்துக்குள் ஒரு இசை முடிந்து அடுத்தது தொடங்க 10 முதல் 20 நிமிடம் வரை ஆகும், விளையாட்டின் நேர அலகான டிக் கணக்கில் 12,000 முதல் 24,000. மெனுவில் அப்படி இல்லை, உடனே வந்துவிடும். நிறையப் பேர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பேக் கெட்டுப்போச்சு என்று அழித்துவிடுகிறார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால் சீட்ஸ் (ஏமாற்றுக் கட்டளைகள்) அனுமதித்த உலகம் ஒன்றில் சாட்டைத் திறந்து பிளேசவுண்ட் கட்டளையில் மைன்கிராஃப்ட்:மியூசிக்.கேம், அப்புறம் மியூசிக், கடைசியில் @எஸ் என்று கொடுங்கள். உடனே ஒன்றை எடுத்துப் பாடும்.

மூத்தகுடி_07:
இந்தக் கேள்வி இங்கே வராத மாதம் இல்லை. மேலே தேடல் பெட்டி ஒன்று இருக்கிறது, அழகுக்காக வைத்ததல்ல. எம்பி3 ஃபைலின் பெயரை மட்டும் விளையாட்டு கேட்கும் ஓஜிஜி என்று மாற்றி வைத்திருப்பீர்கள், வேறென்ன. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடாது தம்பி. விண்டோஸில் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், காம்1.ஓஜிஜி.எம்பி3 என்று உட்கார்ந்திருக்கும். ஃபைல் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு அப்புறம் மாடிங் பக்கம் வரலாம்.

பனங்காட்டு_நரி:
ஜாவாதான், 1.20.1. மாட் எதுவும் இல்லை. பெயர் மாற்றவில்லை ஐயா, முறையாகக் கன்வர்ட் செய்ததுதான். எக்ஸ்டென்ஷனும் பார்த்துவிட்டேன், ஓஜிஜிதான். அசெட்ஸ், மைன்கிராஃப்ட், சவுண்ட்ஸ், மியூசிக், கேம் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் காம்1, ஹால்1, பியானோ1 எனப் பழைய பெயர்களிலேயே வைத்திருக்கிறேன். பிளேசவுண்டும் கொடுத்துப் பார்த்தாச்சு, பெரும்பாலும் அமைதி.

ரெட்ஸ்டோன்_ராசா:
எந்த நிகழ்வுக்கு எந்தப் பாட்டு என்று சொல்லும் சவுண்ட்ஸ்.ஜேசன் ஃபைலை எழுதினீர்களா? அது இல்லாமல் செய்தால் இப்படித்தான் பாதி கிணறு தாண்டின கதையாக நிற்கும். மியூசிக்.கேம் என்ற நிகழ்வுக்கு உங்கள் பட்டியலைக் கொடுத்து, "ரீப்ளேஸ்" என்பதை ட்ரூ என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களுடையது பழைய பட்டியலோடு போய்ச் சேர்ந்துகொள்ளும், பழையதும் வரும். நீங்கள் சொல்வதும் அதேதான்.

குட்டிச்சாத்தான்:
ஜிப்புக்குள் இன்னொரு ஃபோல்டர் இருக்கும் பாருங்கள். பேக்கின் விவரம் உள்ள பேக்.எம்சிமெட்டா ஃபைல், ஜிப்பைத் திறந்ததும் முதலிலேயே கண்ணில் பட வேண்டும். எனக்கு அதுதான் பிரச்சினையாக இருந்தது. ராம் மெமரியையும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

பிக்சல்_பாண்டி:
மெனு இசை மாறியிருக்கிறது என்கிறாரே, அப்புறம் ஜிப் எப்படித் தப்பாக இருக்கும்? பேக் படிக்கப்படுகிறது, பாதையும் சரி. ராமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ராசா, ஒரே பெயரில் ஃபைல் வைத்தால் ஜேசன் தேவையில்லை, விளையாட்டு அந்த இடத்தில் பேக்கில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். பழைய இசை நடுவில் வருவதற்குக் காரணம் வேறு: 1.18 முதல் அதே ஃபோல்டரில் புதிய இசைகள் பல சேர்ந்திருக்கின்றன, காம், ஹால், நுவான்ஸ், பியானோ வரிசையில் உள்ளதை மட்டும் மாற்றினால் மற்றவை அப்படியே இருக்கும்.

ரெட்ஸ்டோன்_ராசா:
தேவையில்லைதான், ஆனால் ஜேசன் எழுதுவதுதான் சுத்தமான வழி. நாளைக்கு வெர்ஷன் மாறி ஃபைல் பெயர்களை மாற்றினால் உங்கள் வழி படுத்துவிடும்.

மூத்தகுடி_07:
மாரோவிண்டில் இந்தத் தலைவலியே கிடையாது. 2002ல் வந்த விளையாட்டு, மியூசிக் ஃபோல்டருக்குள் எக்ஸ்ப்ளோர், பேட்டில் என்று ஃபோல்டர்கள், எம்பி3யைத் தூக்கிப் போட்டால் பாடும். இப்போது எல்லாவற்றையும் சிக்கலாக்கி வைத்திருக்கிறார்கள். அது போகட்டும், எம்பி3யிலிருந்து ஓஜிஜிக்கு மாற்றுவதே முதல் தப்பு. ஏற்கெனவே நசுக்கியதை மறுபடி நசுக்குகிறீர்கள். தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் இருந்தால் மட்டும் மாற்ற வேண்டும்.

அரைத்தூக்கம்:
கல் வெட்டிக்கொண்டே கேட்கிற பின்னணி இசையில் யார் காதுக்கு அந்த வித்தியாசம் தெரியப்போகிறது?

மூத்தகுடி_07:
கேட்கத் தெரிந்தவர் காதுக்கு.

அரைத்தூக்கம்:
சரி, ஒரே பாட்டை ஃபிளாக்கிலிருந்து ஒருமுறை, எம்பி3யிலிருந்து ஒருமுறை மாற்றி, பெயர் போடாமல் தருகிறேன். எது எது என்று சொல்லுங்கள் பார்க்கலாம். இரண்டையும் ஓஜிஜிக்குள் இருக்கும் வோர்பிஸ் என்ற ஒலி வடிவத்தில் தரம் 5ல் வைக்கிறேன், ஸ்டீரியோவில் நொடிக்கு ஏறக்குறைய 160 கிலோபிட் வரும்.

மூத்தகுடி_07:
160ல் வைத்தால் இரண்டும் ஒன்றுபோல மோசமாகத்தான் இருக்கும், இதில் பரிட்சை வேறு.

குட்டிச்சாத்தான்:
ஓப்பஸ் என்ற ஒலி வடிவம் இதைவிட நல்லதாமே? அதில் மாற்றினால் என்ன?

பிக்சல்_பாண்டி:
தரத்தில் நல்லதுதான், ஆனால் மைன்கிராஃப்ட் படிப்பது ஓஜிஜிக்குள் வோர்பிஸ் மட்டும். ஓஜிஜி என்பது வெறும் உறை, அதற்குள் ஓப்பஸ் இருந்தாலும் வெளியே ஓஜிஜி என்றே எழுதியிருக்கலாம். விஎல்சி அதையும் பாடும், விளையாட்டு பாடாது.

இரவுப்_பூனை:
காதுப் பரிட்சையைத் தனி இழையில் வையுங்களேன். நரி, உங்கள் .மைன்கிராஃப்ட் ஃபோல்டருக்குள் லாக்ஸ் என்று ஒன்று இருக்கும், அதில் விளையாட்டின் பதிவேடான லேட்டஸ்ட்.லாக் ஃபைலை நோட்பேடில் திறந்து "ஓஜிஜி" என்று தேடுங்கள். அங்கே ஒரு பிழை வரி இருக்கும், அதன் கடைசியில் ஒரு எண். அந்த எண்தான் வேண்டும். அப்புறம் இன்னொன்று: மெனுவுக்கு வைத்த பாட்டுகளையும் உள்ளே வைத்த பாட்டுகளையும் ஒரே மாதிரிதான் கன்வர்ட் செய்தீர்களா?

பனங்காட்டு_நரி:
லாகில் "ஃபெயில்டு டு ரீட் ஓஜிஜி ஃபைல் 34" என்று வரிசையாக இருக்கிறது. மெனு பாட்டு நாலும் நண்பன் கீபோர்டில் வாசித்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் எடுத்துக் கொடுத்தது. மற்றதெல்லாம் என்னிடம் இருந்த எம்பி3, எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளை மென்பொருளை வைத்து மொத்தமாக மாற்றினேன். அது முக்கியமா?

இரவுப்_பூனை:
அதுதான் முக்கியம், முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம். மூத்தகுடி ஐயா சொன்னபடி எம்பி3க்குப் பெயர் மட்டும் மாற்றியிருந்தால் எண் 30 வந்திருக்கும், ஓஜிஜிக்கு உரிய தொடக்கமே இல்லை என்று அர்த்தம். 34 என்றால் ஓஜிஜி சரியாக இருக்கிறது, ஆனால் முதல் பக்கத்தில் வோர்பிஸ் இல்லை. ஓப்பஸாக இருந்தாலும் 34தான் வரும். உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் ஆல்பம் படத்தின் மேல்.

எம்பி3க்குள் அட்டைப்படம் ஒட்டியிருக்கும் இல்லையா, எஃப்எஃப்எம்பெக் அதை ஒரு வீடியோவாக நினைத்து, ஓஜிஜிக்கு மாற்றும்போது தியோரா என்ற வீடியோ வடிவத்தில் அதையும் உள்ளே வைத்துவிடும், அதுவும் ஆடியோவுக்கு முன்னால். விஎல்சி வீடியோவும் பார்க்கும் ஆள், அதனால் ஒன்றும் சொல்லாமல் பாடிவிடும். விளையாட்டு முதல் பக்கத்தைத் திறந்ததும் தியோராவைப் பார்த்து அப்படியே விட்டுவிடுகிறது. விட்டதோடு அந்தப் பாட்டு முடிந்ததாகவே கணக்கு வைத்து அடுத்ததற்கு மறுபடி காத்திருக்கும், அதனால்தான் உங்களுக்கு அவ்வளவு நீளமான அமைதி.

சரிபார்க்க: ஓடாத பாட்டு ஒன்றை விஎல்சியில் போட்டு, கன்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக் (ஒலி, வீடியோ வடிவம்) தகவல் திறக்கும். ஆடியோ ஒன்றுதான் இருக்க வேண்டும். ஸ்ட்ரீம் 0 என்ற இடத்தில் வீடியோ, தியோரா என்று இருந்தால் இதேதான்.

இருந்தால், பழைய எம்பி3யிலிருந்தே மறுபடி மாற்றுங்கள், கட்டளையில் உள்ளீட்டு ஃபைலுக்குப் பிறகு கோடு போட்டு "விஎன்" சேர்த்தால் வீடியோ வராது. ஆடியோ கோடெக் லிப்வோர்பிஸ் என்றும் வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். ஃபைல் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும், பெரிய எழுத்து இருந்தால் அதற்கு வேறு பிழை வரும். மாற்றி வைத்ததும் விளையாட்டை மூட வேண்டாம், எஃப்3யும் டியும் (T) சேர்த்து அழுத்தினால் பேக் மறுபடி ஏறிவிடும்.

மூத்தகுடி_07:
எஃப்எஃப்எம்பெக்கை யார் பயன்படுத்தச் சொன்னது? ஆடாசிட்டியில் ஒவ்வொன்றாக எடுத்திருந்தால் இந்தப் படமெல்லாம் வராது என்று நானே சொல்லியிருப்பேன்.

பிக்சல்_பாண்டி:
சொல்லவில்லையே ஐயா.

ரெட்ஸ்டோன்_ராசா:
இருந்தாலும் ஜேசன் எழுதிவிடுவது நல்லது. பழைய இசை வருவது அப்போதுதான் முழுசாக நிற்கும்.

பிக்சல்_பாண்டி:
இந்த இடத்தில் ராசா சொல்வது சரி. எழுதும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் "ஸ்ட்ரீம்" என்பதை ட்ரூ என்று வையுங்கள், இல்லாவிட்டால் முழுப் பாட்டையும் மெமரியில் ஏற்றி, தொடங்கும்போது லேசாகத் திணறும். மியூசிக்.கேம் மட்டும் போதாது. காடு, சதுப்பு நிலம், குகை என்று சில இடங்களுக்குத் தனித்தனி நிகழ்வு இருக்கிறது, அவற்றுக்கும் எழுத வேண்டும்.

பனங்காட்டு_நரி:
தியோரா இருந்தது. விஎன் போட்டேன், பாடுகிறது. நன்றி பூனை.

அரைத்தூக்கம்:
வாழ்த்துகள். எந்தத் தரத்தில் மாற்றினீர்கள், 5ஆ அதற்கு மேலா? கேட்க எப்படி இருக்கிறது?

மூத்தகுடி_07:
அதையும், மூல எம்பி3 எத்தனை கிலோபிட் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அரைத்தூக்கம்:
நரி? இருக்கிறீர்களா?