ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது, உங்களுக்கும் இப்படியா?

கேள்வி (இடைநிலை ஆசிரியை, ஒன்றியப் பள்ளி):

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், நான்கும் ஐந்தும் ஹெச்.எம்.மிடம். அவர் கூட்டம், வங்கி என்று கிளம்பிவிட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஒரே அறையில் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்து நடத்துகிறேன், அதுகூடப் பரவாயில்லை, உண்மையில் பிள்ளைகளோடு இருக்கும் நேரம்தான் எனக்கு நல்ல நேரம். எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, காலை உணவுக் கணக்கு, ராத்திரி ஒன்பது மணிக்கு குரூப்பில் வரும் "உடனே அனுப்பவும்", இவைதான் ஆளைத் தின்கின்றன. வீட்டில் என் மகள் ஒரு கணக்கில் சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறேன். தூக்கம் சரியில்லை. போதாததற்கு, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேற வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேறு. டெட் என்ற ஒன்று வருவதற்கு முன்பே வேலைக்கு வந்தவள் நான். பயிற்சியில் யோகா செய்யுங்கள் என்றார்கள், அதையும் போட்டோ எடுத்துப் போடச் சொன்னார்கள்! வேறு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):

டீச்சர், முதலில் அந்த குரூப்பை ம்யூட் பண்ணுங்கள். நிஜமாகவே அவசரம் என்றால் போன் பண்ணுவார்கள். எமிஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், பெல் அடித்த பிறகு பள்ளியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து முடித்ததை முடித்து, முடியாததை நாளைக்கு வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம் சி.எல். (தற்செயல் விடுப்பு) விஷயம். ஈராசிரியர் பள்ளியில் நாம் லீவு போட்டால் இன்னொருவர் தனியாக மாட்டுவாரே என்று போடாமலே இருந்து டிசம்பரில் வீணாக்குவோம். இருவரும் மாதத் தொடக்கத்திலேயே பேசி ஆளுக்கொரு நாள் குறித்துவைத்துக்கொண்டால் குற்ற உணர்ச்சி வராது.

பதில் 2 (மெட்ரிக் பள்ளி, கணக்கு):

சார் சொல்வது சரி, ஆனால் எல்லாவற்றையும் அந்த மேடம் தலையிலேயே கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் பள்ளியில் சி.எல். கேட்டாலே முகம் சுளிப்பார்கள், பெற்றோர் குரூப்பில் பதினோரு மணிக்கு "மிஸ், நாளைக்கு டெஸ்ட் உண்டா" என்று வரும், ம்யூட் பண்ணினால் புகார். உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே இந்தத் தொழில்சார் சோர்வைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்க்கும்போது, இது நோய் அல்ல, வேலையிடத்தில் சரிசெய்யப்படாத நெருக்கடியால் வருவது என்றுதான் எழுதிவைத்தது. ஆகவே மூச்சுப்பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். பதிவேற்ற வேலைக்குத் தனி ஆள் வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். உங்களுக்காவது சங்கம் இருக்கிறது.

பதில் 3 (அரசு மருத்துவமனை செவிலியர், கணவர் ஆசிரியர்):

தூக்கமின்மையும் எரிச்சலும் எத்தனை நாளாக? இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் இங்கே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டும் பாருங்கள், நாற்பதை நெருங்கும் பெண்களுக்கு அதிலேயே பாதி காரணம் கிடைக்கலாம். அதில் ஒன்றும் இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். "மனநலம்" என்றதும் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று என் வீட்டுக்காரரும் பயந்தார், நீங்கள் போன் பண்ணினால் அலுவலகத்துக்குத் தகவல் போகாது. உயிரை விட்டுவிடலாம் போன்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

பதில் 4 (இடைநிலை ஆசிரியர், டெட் படிப்பவர்):

மேடம், டெட் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 1 தீர்ப்புப்படி, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு டெட் தேற இரண்டு வருட அவகாசம். தாள் 1-இல் 150 கேள்விகள், அதில் தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் தலா 30. நாம் தினம் நடத்துவதுதானே? குழந்தை மேம்பாட்டுப் பகுதிக்குத்தான் தனியாக உட்கார வேண்டும். எங்கள் ஒன்றியத்தில் சிலர் சேர்ந்து ஞாயிறு காலையில் படிக்கிறோம். படிப்பது பாதி, புலம்புவது பாதி! ஆனால் தனியாகப் புத்தகத்தை முறைத்துக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. தூக்கப் பிரச்சினை இரண்டு வாரம் இல்லை சிஸ்டர், காலாண்டுத் தேர்வு சமயத்திலிருந்தே இருக்கிறது. சனிக்கிழமை ரத்தம் கொடுக்கிறேன். குரூப்பை ம்யூட் பண்ணியாயிற்று. ஹெச்.எம். "பார்க்கலையா" என்று கேட்டால் என்ன சொல்வது சார்?

பதில் 1:

"அவசரம்னா கூப்பிட்டிருப்பீங்கன்னு நினைச்சேன் சார்" என்று சொல்லுங்கள். கோபமாகச் சொல்லாதீர்கள், சாதாரணமாகச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு டீச்சர் அப்படித்தான் சொன்னார், எனக்கு மறுபேச்சு வரவில்லை.