டெலிகிராம் குழுவில் ஸ்பேம் நீக்கும் பைதான் பாட்: "கடன்" மட்டும் தப்பிவிடுகிறது

தறி_07:
வணக்கம். தமிழ்க் குழு ஒன்றுக்காக எழுதிய பாட் (தானாக இயங்கும் நிரல்), லினக்ஸ் சர்வரில் கிரான் என்ற நேர அட்டவணைக் கருவி வழியாக நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. தடைச்சொல் வந்தால் செய்தியை நீக்க வேண்டும். "உடனடி கடன் வேண்டுமா" தப்பிவிடுகிறது. "கடன்தான் பெரிய சுமை" நீங்கிவிடுகிறது! சொல்லின் இருபக்கமும் ரெகெக்ஸின் (உரையில் வடிவங்களைத் தேடும் முறை) சொல்லெல்லைக் குறி போட்டிருக்கிறேன். அவ்வப்போது 409 பிழையும் வருகிறது. யாராவது படம் போட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது. மறுபடி ஓடினாலும் அதே இடத்தில் நிற்கிறது.

மின்மினி:
கோளாறு புள்ளியில் இருக்கிறது. பைதானோடு வரும் ரெகெக்ஸ் நிரலகம் மெய்ப்புள்ளியையும் துணைக்கால், கொம்பு போன்றவற்றையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. "கடன்" புள்ளியில் முடிகிறது. அடுத்து இடைவெளி வந்தால் இரண்டுமே சொல்லுக்கு வெளியே உள்ளவை, ஆகவே அங்கே எல்லை இல்லை. "கடன்தான்" என்றால் புள்ளிக்கு அடுத்து "த" வருவதால் அங்கே எல்லை பிறந்துவிடுகிறது.

பைதான் நிரலகங்களை நிறுவும் பிப் மூலம் "ரெகெக்ஸ்" என்ற பெயரிலேயே கிடைக்கும் தனி நிரலகத்தை நிறுவுங்கள். அது குறிகளையும் சொல்லோடு சேர்த்தே பார்க்கும். அப்போதும் "கடனை", "கடனுக்கு" சிக்காது, வேற்றுமை உருபு ஏறியதும் புள்ளி போய்விடுகிறதே. பட்டியலில் புள்ளியை விட்டு "கடன" என்று எழுதி, முன்பக்கம் மட்டும் எல்லை வையுங்கள். காலைக்கடனும் நன்றிக்கடனும் பிழைத்துக்கொள்ளும்.

ஒப்பிடும் முன் செய்தியின் நகலில் அகலமில்லா எழுத்துகளை (யூனிகோடு 200பி முதல் 200டி வரை) அகற்றி, அதன் பிறகே என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுங்கள். வரிசை முக்கியம்: "கொ"வின் கொம்புக்கும் காலுக்கும் நடுவே அப்படி ஒன்று ஒளிந்திருந்தால் இரண்டும் ஒன்றுசேராது. "கௌ" என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டு "கெள" என்று எழுதுவதை என்எஃப்சி சரிசெய்யாது. அத்தகைய சொற்களை இரு வடிவிலும் பட்டியலில் சேருங்கள்.

உப்பங்காற்று:
409 என்றால் ஒரே டோக்கனில் (பாட்டின் ரகசியக் குறியீடு) இரண்டு நிரல்கள் செய்தி கேட்கின்றன, அல்லது பழைய வெப்ஹூக் (டெலிகிராம் தானாகவே செய்திகளை அனுப்பும் இணைய முகவரி) நீக்கப்படாமல் கிடக்கிறது. உங்கள் விஷயத்தில் முந்தைய ஓட்டம் முடியுமுன் கிரான் அடுத்ததைக் கிளப்பிவிடுகிறது என்றே படுகிறது. கிரானை விட்டு, லினக்ஸில் பின்னணி நிரல்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவையாக ஒன்றே ஒன்றை ஓடவிடுங்கள். செயலிழந்தால் 10 நொடி கழித்து மறுதொடக்கம் என்று அமையுங்கள். இயல்பு இடைவெளி 100 மில்லிநொடிதான். 10 நொடிக்குள் 5 முறை விழுந்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும்.

படச்செய்தியில் உரை என்ற புலமே இருக்காது, தலைப்புரைப் புலத்தைப் பாருங்கள். பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஆஃப்செட்டை (எந்த எண்ணிலிருந்து அடுத்துக் கேட்பது என்ற குறிப்பு) கடைசி அப்டேட் (டெலிகிராம் பாட்டுக்குத் தரும் ஒவ்வொரு நிகழ்வு) எண்ணுடன் 1 கூட்டி நகர்த்துங்கள். நகராததால்தான் அதே படம் திரும்பத் திரும்ப வருகிறது. சர்வர் படுத்தால் டெலிகிராம் 24 மணி நேரத்துக்கு மேல் அப்டேட்களை வைத்திருக்காது, அதற்கு முந்தியவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும்.

தறி_07:
மிக்க நன்றி. விவசாயக் கடன் தள்ளுபடி பற்றியும் குழுவில் பேசுவார்கள். அதுவும் போய்விடுமே?

மின்மினி:
போகும். ஒரு சொல்லுக்காக நீக்குவது தமிழில் எடுபடாது, மதிப்பெண் போடுங்கள். தடைச்சொல்லுக்கு 1, இணைப்புக்கு 2, பத்து இலக்க எண்ணுக்கு 2, சேர்ந்து ஒரு நாள் ஆகாதவர் என்றால் 2. மொத்தம் 4 ஆனால் நீக்கலாம். இவை தொடக்க மதிப்புகள்தான். முதல் வாரம் எதையும் நீக்காமல் பதிவேட்டில் மட்டும் எழுதவிட்டு, தினமும் படித்து எண்களைத் திருத்துங்கள். உறுப்பினர் உண்மையாக எழுதியதை அழிப்பது ஸ்பேம் தங்குவதைவிடப் பெரிய தவறு.

உப்பங்காற்று:
திருத்திய செய்திகள் தனி வகை அப்டேட்டாக வரும், அவற்றையும் இதே சோதனைக்கு அனுப்புங்கள். முதலில் வெறும் "வணக்கம்" போட்டு, பத்து நிமிடம் கழித்து அதையே விளம்பரமாக மாற்றுவார்கள்.