மழை நாளில் சின்னப் பிள்ளைகள்: எது எடுபடும், எது சொதப்பும், ஏன்?

ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை அடைமழை நாளில் வீட்டுக்குள் எப்படிச் சமாளிப்பது என்பதை ஒரே இடத்தில் சேர்த்து வைப்போம். "க்ளே கொடுங்க, கலரிங் கொடுங்க" என்று ஒற்றை வரியில் எழுதினால் யாருக்கும் உதவாது. அளவு என்ன, எத்தனை நிமிடம் தாங்கும், எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்று கைப்பக்குவத்தோடு எழுதுங்கள்.

*மழலையர் காப்பக ஆசிரியை*

எதை முதலில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மழை என்றதும் பலர் எடுத்து வைப்பது கிரேயான், படப் புத்தகம், பசில். அடைபட்டுக் கிடக்கும் பிள்ளைக்கு முதல் தேவை கைக்கு வேலை அல்ல, உடம்புக்கு வேலை. ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மொத்தமாக 180 நிமிடமாவது ஓடியாடி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வெளியே போகிற நாளில் அது தானாக நடந்துவிடும். மழை நாளில் நாம்தான் அதற்கு வழிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் கிரேயான் பறக்கும், புத்தகம் கிழியும். அதைக் குறும்பு என்று நினைத்துக் கண்டிப்பது பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம்.

எழுந்து சாப்பிட்டு முடித்ததும் முதல் இருபது நிமிடம் தள்ளுவது, சுமப்பது, ஏறுவது. துணிக்கூடையில் ஒரு போர்வையும் இரண்டு மூன்று கனமான புத்தகங்களும் போட்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தள்ளவிடுங்கள். கூடை நகர வேண்டும், ஆனால் ஓடக் கூடாது. வெறும் கூடையைக் கொடுத்தால் அது முன்னால் வழுக்கிக்கொண்டு போகும், பிள்ளை குப்புற விழும். வழவழப்பான தரை என்றால் இன்னும் கொஞ்சம் கனம் சேர்க்க வேண்டும். அந்தப் பக்கம் போனதும் ஒவ்வொரு புத்தகமாக இறக்கி வைக்கச் சொல்லி, திரும்பி வரும்போது ஏற்றச் சொன்னால் பத்து நடை தாங்கும்.

தலையணைப் பாதையும் நன்றாக எடுபடும். நான்கைந்து தலையணையைப் பிள்ளையின் ஓர் எட்டு இடைவெளியில் வரிசையாகப் போடுங்கள். அடியில் ரப்பர் பாய் இல்லாவிட்டால் தலையணை நழுவும். சாக்ஸ் வேண்டாம், வெறுங்காலே நல்லது. மழைக்காலத்தில் தரையே வேர்த்திருக்கும் என்பதால் ஆரம்பிக்கும் முன் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

தரையில் மாஸ்கிங் டேப்பால் கோடு போடுவதையும் சொல்லியாக வேண்டும். முதலில் நேர்க்கோடு, அப்புறம் வளைவு, அப்புறம் கோணல் மாணல். அதன்மேல் நடப்பதைவிட அதை உரிப்பதுதான் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய வேலை. ஒவ்வொரு துண்டின் நுனியையும் ஒரு விரற்கடை மடித்து விடுங்கள், பிடித்து இழுக்க வாகாக இருக்கும். அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப் கூடாது, பசை தரையிலேயே தங்கிவிடும். மாஸ்கிங் டேப்பும் நாள்கணக்கில் கிடந்தால் அப்படித்தான், அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

*இரட்டைப் பிள்ளைகளின் அப்பா*

டீச்சர் சொன்ன வரிசை சரி. அதோடு பொம்மை எண்ணிக்கையையும் பாருங்கள். மழை நாளில் இருக்கிற கூடையையெல்லாம் கவிழ்த்துவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு. 18 முதல் 30 மாதம் வரையுள்ள 36 பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. அறையில் 16 பொம்மை இருந்தபோது இருந்ததைவிட, 4 மட்டும் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். ஆகவே நான்கைந்து பொருளை வெளியே வைத்து மற்றதைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். மூடி போட்ட பெட்டியாக இருக்கட்டும், ஆனால் உள்ளே இருப்பது தெரிகிற பெட்டி வேண்டாம். மறுநாள் இரண்டை மட்டும் மாற்றினால் போதும்.

ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரே கரண்டி, ஒரே நிறம், ஒரே அளவில் ஆளுக்கு ஒன்று வேண்டும். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று வைத்தால் சண்டையை நாமே தொடங்கி வைத்த மாதிரி. இந்த வயதில் "மாத்தி மாத்தி விளையாடுங்க" என்பது பிடிபடாது.

*மூன்று வயதுப் பிள்ளையின் அம்மா*

க்ளேக்குப் பதிலாக வீட்டிலேயே கிளறிச் செய்யும் மாவு உருண்டையைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். மழை நாளுக்கு இதைவிடக் கைகொடுப்பது வேறு இல்லை. அதே சமயம் மழை நாளில்தான் இது அதிகமாகக் கெட்டும் போகும்.

மைதா 1 கப், பொடி உப்பு ½ கப், டார்டர் கிரீம் (கேக் செய்யப் பயன்படும் புளிப்புப் பொடி) 2 டீஸ்பூன், எண்ணெய் 1 டேபிள் ஸ்பூன், தண்ணீர் 1 கப். எல்லாவற்றையும் அடுப்பில் வைக்கும் முன்பே கட்டியில்லாமல் கரைத்துவிடுங்கள். பிறகு சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். நான்கைந்து நிமிடத்தில் ஓரத்தை விட்டுச் சுருண்டு, கரண்டியோடு ஒரே உருண்டையாக வரும். பளபளப்பு போய் மங்கலாகும்போது இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு நிமிடம் பிசையுங்கள். டார்டர் கிரீம் கிடைக்காவிட்டால் 4 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, அந்த அளவு தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுப்பில்லாமல் பச்சை மாவில் பிசைகிற முறையும் உண்டு. அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பச்சை மாவில் ஈ கோலி, சால்மோனெல்லா மாதிரியான கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு, இந்த வயதில் கை நேராக வாய்க்குத்தான் போகும். தவிர, சூட்டில் மாவின் ஸ்டார்ச் வெந்து தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வெந்த மாவு கையில் ஒட்டுவதில்லை.

மழை நாளில் கெட்டுப்போவதற்குக் காரணம் உப்பு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மேசைமேல் திறந்து கிடந்த உருண்டை அரைமணியில் மேலே பிசுபிசுப்பதன் ரகசியம் இதுதான். உடனே கைநிறைய மாவு அள்ளிப் போடாதீர்கள், மறுநாள் கல்லாகி விரிசல் விடும். ஒரு டீஸ்பூன் மாவைக் கையில் தடவிப் பிசைந்து பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொன்று. சூடு முழுக்க ஆறும் முன் டப்பாவில் போட்டு மூடினாலும் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணீர் மாவில் சொட்டிக் கெட்டுவிடும். பூசணம் ஒரு புள்ளி தெரிந்தாலும் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இவ்வளவு உப்பு வயிற்றுக்குள் போவது ஆபத்து, வீட்டில் நாய் இருந்தால் அதற்கும்தான். ஒருமுறை கடித்துத் துப்பிவிடும் பிள்ளை பரவாயில்லை. எதைக் கொடுத்தாலும் மென்று விழுங்கும் பருவம் என்றால் உப்பே போடாமல் இதே முறையில் கிளறி, அன்றைக்கே விளையாடி, அன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

இன்னொரு விஷயம், பூ, யானை, பொம்மை என்று நாம் செய்து காட்டக் கூடாது. காட்டினால் "நீ செஞ்சு குடு" என்று உட்கார்ந்துவிடும். ஓர் அகலமான ஜாடி மூடி, ஒரு மரக்கரண்டி, ஒரு பழைய சீப்பு, இவ்வளவு போதும். பிள்ளை என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். பெருவிரலால் ஒரு குழி. குழிக்குள் மூடியை வைத்து உள்ளங்கையால் அழுத்தல். நகத்தால் மூடியை நெம்பி எடுத்ததும் கீழே வட்டத் தடம். அதையே குனிந்து பார்த்துவிட்டு, மூடியை அதே வட்டத்தில் திரும்பவும் பொருத்திப் பார்க்கும். இதுவே பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடத்தில் நாம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

சோளமாவுக் குழம்பும் இதே வகைதான். சோளமாவு (கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு) 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அழுத்தினால் கெட்டி, விட்டால் வழியும். முடிந்ததும் கழுவித் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள், மாவு குழாயின் வளைவில் படிந்து அடைத்துக்கொள்ளும். தட்டிலேயே காயவிட்டுச் சுரண்டிக் குப்பையில் போடுங்கள்.

*குழந்தைகள் வார்டு செவிலியர்*

விளையாட்டை மற்றவர்கள் எழுதுகிறார்கள், நான் ஆபத்தை மட்டும் எழுதிவிடுகிறேன். மூன்று வயதுக்குக் கீழ் 3.2 செ.மீ. அகலமுள்ள குழலுக்குள் முழுசாக நுழையும் எந்தப் பொருளும் தொண்டையில் அடைக்கும் பொருள்தான். வீட்டில் அளந்து பார்க்க, டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக்குழல் போதும். அது கொஞ்சம் அகலம் என்பதால் இன்னும் பாதுகாப்பான அளவுகோல். அதற்குள் விழுந்தால் கொடுக்காதீர்கள்.

தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல் மணிகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைக்கும். பலூன் உடைந்த துண்டும் ஊதாத பலூனும் அப்படித்தான் மூச்சுக்குழாயை மூடிக்கொள்ளும். பந்து வேண்டுமென்றால் நான்கு சாக்ஸை ஒன்றுக்குள் ஒன்று சுருட்டுங்கள், வீட்டுக்குள் எறிய அதுவே வசதி. ஒரு சாணுக்கு மேல் நீளமான கயிறு, நாடா எதுவும் விளையாட்டுப் பொருளில் தொங்கக் கூடாது.

பட்டன் பேட்டரி எல்லாவற்றையும்விட மோசம். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

*ஒன்றரை வயதுப் பிள்ளையின் பாட்டி*

சிஸ்டர் சொன்னதோடு தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 செ.மீ. தண்ணீர்கூட ஒரு குழந்தை மூழ்கப் போதுமானது. தண்ணீர் விளையாட்டு என்றால் கை எட்டும் தூரத்திலேயே உட்கார வேண்டும். போன் அடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் எழ வேண்டும். முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அளவு மொத்தமே அரை லிட்டர் போதும். பெரிய துண்டை நான்காக மடித்துப் போட்டு, மேலே ஓர் அகலத் தட்டு, அதில் இரண்டு கிண்ணம். ஒன்றில் தண்ணீர், ஒன்று காலி, நடுவில் ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்ச் பிள்ளையின் இரண்டு கையும் பிடிக்கும் அளவு பெரிசாக, புதுசாக இருக்க வேண்டும். பழசானால் பல்லால் கடித்துப் பிய்த்துவிடும். முக்கி, தூக்கி, அடுத்த கிண்ணத்தில் பிழிவது. முதலில் பிழியத் தெரியாது, சும்மா மேலே வைத்து அழுத்தும். அதுவும் சரிதான். தண்ணீர் தீர்ந்ததும் கையில் ஒரு துணியைக் கொடுத்தால் துடைப்பதும் விளையாட்டில் சேர்ந்துவிடும். இதைக் குளிக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டால் ஒரே உடை மாற்றலோடு முடியும்.

சிலேட்டில் வெறும் தண்ணீரைத் தூரிகையால் பூசும் விளையாட்டு மழை நாளில் சுகப்படாது. காய்ந்து மறைவதைப் பார்ப்பதில்தான் அதன் சுவையே, ஈரக் காற்றில் அது காய்வதே இல்லை. பதிலாகத் தடிமனான சாக்பீஸை ஒரு நிமிடம் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். கோடு அழுத்தமாக விழும், தூசியும் பறக்காது.

*மழலையர் காப்பக ஆசிரியை*

கூடாரத்தை யாரும் எழுதவில்லையே. இரண்டு நாற்காலி, ஒரு லேசான போர்வை. நாற்காலி முதுகில் போர்வையைப் போட்டால் பிள்ளை இழுக்கும், நாற்காலி அதன் மேலேயே சாயும். அதனால் நாற்காலிகளின் முதுகை உள்பக்கம் பார்த்தபடி வைத்து, உட்காரும் பலகையில் கனமான பையை வையுங்கள். போர்வை நகராமல் இருக்கப் பெரிய துணிக்கிளிப் போதும், மேலே புத்தகத்தைப் பாரமாக வைக்கக் கூடாது. உள்ளே ஒரு டார்ச். பேட்டரி மூடி திருகாணி போட்டதாக இருக்கட்டும். கையை டார்ச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நிழல் பெரிசாகும், தள்ளிப் போனால் சிறுக்கும். இதை விளக்க வேண்டாம், செய்து மட்டும் காட்டுங்கள்.

தூங்கி எழுந்த பிறகு வரும் சாயங்கால நேரம்தான் அன்றைக்கு மிகக் கடினமானது, கூடாரத்தை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள். காலையிலேயே எல்லாவற்றையும் காட்டிவிட்டால் அந்த நேரத்தில் மிஞ்சுவது டிவி மட்டும்தான். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று அதே 2019 வழிகாட்டுதல் சொல்கிறது.

*இரட்டைப் பிள்ளைகளின் அப்பா*

மழையிலேயே கூட்டிக்கொண்டு போகலாம் என்பதையும் மறக்காதீர்கள். இடி இல்லாத தூறலில் கால் மணி நேரம் நனைந்து வந்தால் வீட்டுக்குள் இரண்டு மணி நேரத்துக்குச் சமம். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறோம் என்று அர்த்தம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. சாக்கடை கலக்கக்கூடிய தேங்கிய நீரில் இறக்க வேண்டாம், புதிதாகத் தேங்கிய ஆழமில்லாத குட்டை போதும். உலர்ந்த துணியையும் துண்டையும் போகும் முன்பே வாசலில் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

*மூன்று வயதுப் பிள்ளையின் அம்மா*

மாவு கம்பளத்தில் மிதிபட்டு ஒட்டிக்கொண்டால் ஈரத்துணியால் தேய்க்காதீர்கள், கூழாகி இழைக்குள் இறங்கிவிடும். அப்படியே விட்டு முழுக்கக் காயட்டும். மழை நாளில் ஒரு ராத்திரி ஆகும். மறுநாள் கெட்டியான பிரஷ்ஷால் உதிர்த்துக் கூட்டினால் தடம் தெரியாது.