கோல்டு-25 ஒரே வாரத்துல சிவந்துபோச்சு, யாராவது சொல்லுங்க

ராயபுரம்_பையன்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு கோல்டு-25, அதாவது 25 தங்க அணு சேர்ந்த குட்டிக் கொத்து (கிளஸ்டர்) செஞ்சேன். சௌகார்பேட்டையில வாங்கின 24 காரட் துண்டை ராஜதிராவகத்துல (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கரைச்சு, கந்தகம் உள்ள குளுட்டாதயோன் 1:4 கணக்குல சேர்த்து, ஐஸ்ல வெச்சு, தங்க அயனியை அணுவா மாத்துற போரோஹைட்ரைடு ஊத்தினேன். மெத்தனால்ல நாலு தடவை கழுவி தண்ணியில கரைச்சேன். முதல் நாள் பழுப்பு நிறம், ஒளி உறிஞ்சுறதை அளந்தா 670 நானோமீட்டர்ல லேசா ஒரு பீக். இப்போ ஒயின் கலர். 670 காணோம், 520-ல ஒரு மேடு. கிளஸ்டர் உடைஞ்சிருச்சா?

கொருக்குப்பேட்டை_அக்கா:
உடையல தம்பி, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருத்திருச்சு. 520 பிளாஸ்மான் பீக், துகள்ல இருக்கிற எலக்ட்ரான் எல்லாம் ஒளி பட்டு ஒண்ணா ஆடுறதால வர்றது. ரெண்டு நானோமீட்டர் தாண்டின துகளுக்குத்தான் அது வரும். கோல்டு-25-ல நடுவுல 13 அணு, ஒண்ணைச் சுத்தி 12. மேல ஆறு ஸ்டேப்பிள் (ஸ்டேப்ளர் பின் மாதிரி கவ்வுற கொக்கி), ஒவ்வொண்ணுலயும் ரெண்டு தங்கம், மூணு கந்தகம். அந்த ஸ்டேப்பிள்தான் காவல். பாட்டில் எங்க வெச்சே?

ராயபுரம்_பையன்:
ஜன்னல் ஓரம். மூடியும் லூஸ்.

கொருக்குப்பேட்டை_அக்கா:
நம்ம ஊர் வெயில்ல, அதுவும் ஜன்னல்லயா! நல்லா கழுவினதால உபரி குளுட்டாதயோனும் இல்ல. காத்தும் வெளிச்சமும் கந்தகத்தைக் கெடுத்து ஸ்டேப்பிள் கழண்டிருக்கும்.

சும்மா_கேட்டேன்:
கிளஸ்டரோட மைனஸ் சார்ஜ் போய் நியூட்ரல் ஆயிருக்குமோ? 25 தங்கத்தோட 25 எலக்ட்ரான்ல, ஒட்டியிருக்கிற 18 குளுட்டாதயோனுக்கு 18 போக, மைனஸுக்கு ஒண்ணு கூட்டினா 8 எலக்ட்ரான், அதான் அதோட பலம்னு படிச்சேன்.

கொருக்குப்பேட்டை_அக்கா:
கணக்கு சரி. ஆனா நியூட்ரல் ஆனா 400 பக்கம் பீக் எடுப்பாகும், 520 மேடு வராது. தம்பி, சிவந்தது திரும்பாது. முதல் நாளே 670 லேசா இருந்ததால உன்னோடது கலவைதான்னு நினைக்கிறேன். புதுசா செஞ்சு, உபரி குளுட்டாதயோனோட 55 டிகிரியில சூடு பண்ணு. மத்த சைஸ் எல்லாம் கரைஞ்சிரும், 25 மட்டும் நிக்கும். ஜப்பான்ல சுக்குடா குழு 2007-லயே காட்டினது. அப்புறம் காயவெச்சு பவுடரா, இருட்டுல, குளிர்ல வை.

ராயபுரம்_பையன்:
லேப் ஃப்ரீசர் ரிப்பேர்க்கா. வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

கொருக்குப்பேட்டை_அக்கா:
அம்மா வாங்கி வெச்ச வஞ்சிரத்துக்குப் பக்கத்துலயா? கூடவே கூடாது. ஃபாயில் சுத்தி டெசிகேட்டர்ல (ஈரம் புகாத மூடின ஜாடி) வை.

ராயபுரம்_பையன் (12 நாள் கழிச்சு):
670 நல்லா ஏறிருச்சுக்கா, 450, 400-ம் தெரியுது. பவுடர் அப்படியே இருக்கு. அந்தச் சிவப்பு பாட்டிலைக் கொட்டிரலாமா?

கொருக்குப்பேட்டை_அக்கா:
தங்கம் விக்கிற விலையிலயா? காயவெச்சு, எரிச்சு, மறுபடி ராஜதிராவகத்துல போடு. ஃப்யூம் ஹூட்ல (லேப்ல புகையை வெளிய இழுக்கிற கூண்டு)!