குடும்பத்தோடு ஸ்டுட்கார்ட் வருகிறோம்: முதல் இரண்டு மாதம் எதை முதலில் முடிப்பது?

கோவைக்காரன்
வணக்கம். ஜனவரியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வருகிறோம். நான், மனைவி, 4 வயது மகள். ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான குடியிருப்பு அனுமதி) வேலை. கம்பெனி ஒரு மாதத்துக்கு அபார்ட்மென்ட் தருகிறது, அதற்குள் வீடு பிடிக்க வேண்டும். முகவரிப் பதிவு, வரி எண், இன்சூரன்ஸ் எல்லாம் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. எந்த வரிசையில் போகலாம்? பெட்டியில் எதை எடுத்து வருவது, எதை விடுவது?

வடக்குவாசல்
முதலில் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. மற்றதெல்லாம் அதன் பின்னால்தான். குடிபுகுந்த 2 வாரத்துக்குள் பியூர்கர்பியூரோவில் (மக்கள் சேவைக்கான நகராட்சி அலுவலகம்) செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. வீடு தருபவர் கையெழுத்துப் போட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' என்ற ஒரு பக்கத் தாளும் வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். குறுகிய கால அபார்ட்மென்ட் நடத்துபவர்கள் சிலர் இந்தத் தாளைத் தருவதே இல்லை. விமானம் ஏறும் முன்பே ஹெச்.ஆரிடம், "இந்த முகவரியில் பதிவு செய்யலாமா, தாளில் மூன்று பேர் பெயரும் வருமா" என்று மெயிலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். அப்பாயின்ட்மென்ட்டையும் ஊரிலிருந்தே புக் செய்துவிடுங்கள். 2 வாரம் தாண்டிய தேதி கிடைத்தாலும் புக் செய்த மெயில் கையில் இருக்கட்டும்.

பதிவு முடிந்த சில வாரங்களில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். தபால்காரர் இங்கே ஃபிளாட் எண் தேட மாட்டார். தபால் பெட்டியில் பெயர் இருந்தால் போடுவார், இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். நம் வீடுகளில் கணவர் பாஸ்போர்ட்டில் ஒரு கடைசிப் பெயர், மனைவி பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர், குழந்தைக்கு இன்னொன்று என்று இருக்கும். மூன்றையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் பெட்டியிலும் காலிங் பெல்லிலும் ஒட்டுங்கள். சாவி வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது. வரி எண் இல்லாமல் சம்பளம் போட்டால் 6-ஆம் வரி வகுப்பில் வைத்து வரியைக் கூடுதலாகப் பிடிக்க நேரலாம். எண் வந்ததும் சரிசெய்வார்கள், ஆனால் முதல் மாதக் கைச்செலவு இடிக்கும்.

பதிவின்போது மதமும் கேட்பார்கள். கத்தோலிக்கர் அல்லது எவாங்கெலிஷ் (புராட்டஸ்டன்ட்) என்று பதிந்தால் சர்ச் வரி உண்டு. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் அது 8 சதவீதம், சம்பளத்தில் அல்ல, வருமான வரித் தொகையில்.

மாடிவீடு
வீடு பற்றி. விளம்பரத்தில் இரண்டு வாடகை இருக்கும். கால்ட்மீட்டே வெறும் வீட்டுக்கு. வார்ம்மீட்டே என்றால் ஹீட்டிங், தண்ணீர், குப்பை முன்பணமும் சேர்ந்தது. மின்சாரம் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. அட்வான்ஸ் அதிகபட்சம் 3 மாத கால்ட்மீட்டே. அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை சட்டத்திலேயே உண்டு, தயங்காமல் கேளுங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்றால் அது மோசடி.

ஃபர்னிச்சர் இல்லாத வீடு என்றால் பல நேரம் சமையலறையே இருக்காது. சுவரில் தண்ணீர்க் குழாயும் அடுப்புக்கான மின் இணைப்பும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் உங்கள் செலவு. காலி செய்பவரிடம் அவர் சமையலறையை விலை பேசி வாங்கிவிடுவதுதான் லாபம்.

பொது மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால், மனைவிக்கு வருமானம் இல்லாதவரை அவரும் குழந்தையும் கூடுதல் கட்டணம் இல்லாமல் உங்கள் பெயரிலேயே சேர்வார்கள். ஒளிபரப்புக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும், ஆனால் வீட்டுக்கு ஒன்றுதான். மனைவி பெயரில் இன்னொரு கடிதம் வந்தால் உங்கள் கட்டண எண்ணைக் குறித்துப் பதில் அனுப்புங்கள். கிண்டர்கெல்ட் என்ற, குழந்தைக்கான அரசு உதவித்தொகைக்குத் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள், பின்தேதியிட்டு 6 மாதத்துக்கு மட்டுமே தருவார்கள்.

இந்திய லைசென்ஸில் இங்கே குடியேறி 6 மாதம்தான் ஓட்டலாம். பிறகு எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டும் தேர்வு இரண்டிலும் தேறியாக வேண்டும்.

அம்மிக்கல்
பெட்டி விஷயம். நெய், பால்கோவா, பன்னீர், இறைச்சி ஊறுகாய் எதுவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், முருங்கைக்காய்க்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், பையில் போட்டு எடுத்துவர முடியாது. சாம்பார் பொடி, மிளகாய்ப்பொடி, வறுத்து அரைத்த பருப்புப் பொடி தாராளமாகக் கொண்டுவரலாம். நெய்க்குக் கவலைப்படாதீர்கள், உப்பில்லா வெண்ணெய் எந்தக் கடையிலும் கிடைக்கும், உருக்கினால் ஆயிற்று.

மிக்ஸி கொண்டுவரலாம். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் மூன்று பின் பிளக் மட்டும் சேராது. எர்த் இணைப்பு உள்ள அடாப்டர் வாங்குங்கள், எர்த் இல்லாத மலிவு அடாப்டரில் மிக்ஸி ஓட்டாதீர்கள். குக்கர் வாங்கும்போது அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால்தான் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகும். வெறும் அலுமினிய குக்கர் இண்டக்‌ஷனில் சூடாகாது, சாதாரண கண்ணாடி மின்னடுப்பில் வேலை செய்யும்.

கோவைக்காரன்
மிக்க நன்றி. பார்த்துவைத்த ஒரு வீட்டின் ஒப்பந்தத்தில் "தினமும் பலமுறை ஜன்னலைத் திறக்க வேண்டும்" என்று போட்டிருக்கிறது. ஜனவரிக் குளிரிலுமா?

மாடிவீடு
குளிரில்தான் கட்டாயம். இட்லி வேகும் ஆவி, சோறு வடிக்கும் ஆவி, உள்ளே காயும் துணி, எல்லா ஈரமும் சூடான காற்றில் தங்கிவிடும். அந்தக் காற்று சில்லென்ற வெளிச்சுவர் மூலையில் பட்டதும் நீர் கோத்து, கொஞ்ச நாளில் கரும்பூஞ்சை படரும். காலி செய்யும்போது அட்வான்ஸில் கைவைப்பார்கள்.

ஜன்னல் கைப்பிடிக்கு மூன்று நிலை. கீழே பார்த்தால் மூடியது, பக்கவாட்டில் இருந்தால் முழுதாகத் திறக்கும், மேலே திருப்பினால் சாய்வாக நிற்கும். பலரும் சாய்த்துவிட்டு நாள் முழுக்க விடுகிறார்கள். அப்போது காற்று மாறுவது குறைவு, ஜன்னலைச் சுற்றிய சுவர் குளிர்ந்து அங்கேயே பூஞ்சை பிடிக்கும். ஹீட்டரைக் குறைத்து, எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து 5 நிமிடம் விட்டு மூடுங்கள். சமையல், குளியல் முடிந்ததும் ஒருமுறை, காலை மாலை ஒவ்வொரு முறை. வெளிச்சுவரை ஒட்டி பீரோ வைத்தால் 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள், 60 சதவீதத்தைத் தாண்டினால் திறக்கும் நேரம். ஹீட்டர் திருகு 3-ல் இருந்தால் அறை சுமார் 20 டிகிரியில் நிற்கும், 5-ல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது தவறு.

ஸ்டுட்கார்ட் பக்கத்துக்கே உரிய இன்னொன்று: கேர்வொகெ, துப்புரவு முறை. பழைய கட்டடங்களில் ஒரு சிறு பலகை கதவுக்குக் கதவு மாறும். உங்கள் கதவில் தொங்கினால் அந்த வாரம் மாடிப்படி பெருக்கித் துடைப்பது உங்கள் வேலை. பெரிய கேர்வொகெ என்றால் வாசல், நடைபாதை, பனி விழுந்தால் அதையும் தள்ளுவது. முடித்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காமல் சனிக்கிழமையே முடியுங்கள், ஞாயிறு இங்கே ஓய்வு நாள், சத்தம் கூடாது.