குழாய் வளைவு: மெஷ் மாற்ற மாற்ற அழுத்த இழப்பு ஏறி இறங்குகிறது, எதை நம்புவது?

கேள்வி:
25 மி.மீ. உள்விட்டக் குழாயில் ஒரு 90 டிகிரி வளைவு. தண்ணீர், சராசரி வேகம் விநாடிக்கு 1 மீட்டர், ரெனால்ட்ஸ் எண் சுமார் 25,000. நேர்ப்பகுதிகளையும் சேர்த்து நீளம் 0.8 மீட்டர். ஃப்ளூயன்ட்டில் (ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் மென்பொருள்) கே-ஒமேகா எஸ்.எஸ்.டி. என்ற டர்புலன்ஸ் (கொந்தளிப்பு) மாடல். குழாயின் உட்பகுதியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் மெஷ்ஷை 2, 4, 8 லட்சம் செல்களில் ஓட்டியதில் மொத்த அழுத்த இழப்பு முறையே 612, 583, 604 பாஸ்கல். ஒய் பிளஸ் (முதல் செல் மையம் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதன் அலகற்ற அளவு) 22, 17, 14. ரெசிடுவல் (சமன்பாடுகளில் தீராமல் மிஞ்சும் பிழை) 0.001 தொட்டதும் நிறுத்தினேன். முதல் மெஷ்ஷுக்கும் கடைசி மெஷ்ஷுக்கும் 1.3% தான் வித்தியாசம். மெஷ் இன்டிபென்டன்ஸ் (மெஷ்ஷை நுணுக்கினாலும் விடை மாறாத நிலை) வந்துவிட்டது என்று ரிப்போர்ட்டில் எழுதலாமா?

பதில் 1:
எழுதாதீர்கள். பார்க்க வேண்டியது அடுத்தடுத்த மெஷ்களின் வித்தியாசம். 583-இலிருந்து 604-க்கு 3.6% தாவியிருக்கிறது, அதுவும் எதிர்த்திசையில்.

காரணம் சுவரோரம். மூன்று ஒய் பிளஸ்ஸும் 5-க்கும் 30-க்கும் இடைப்பட்ட பஃபர் பகுதியில் கிடக்கின்றன. அங்கே சுவர் உராய்வை மாடல் இரண்டு சூத்திரங்களைக் கலந்துதான் கணிக்கிறது. மெஷ் மாறினால் கலவையும் மாறும், விடை ஆடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாசியஸ் சூத்திரப்படி உராய்வுக் காரணி 0.316-ஐ ரெனால்ட்ஸ் எண்ணின் நான்காம் மூலத்தால் வகுத்தால் 0.025. சுவர் உராய்வு சுமார் 3.1 பாஸ்கல், உராய்வு வேகம் 0.056 மீ/வி. ஆக ஒய் பிளஸ் 1 என்பது சுவரிலிருந்து 18 மைக்ரான். 30 வேண்டுமென்றால் செல் மையம் 0.54 மி.மீ. தள்ளி, அதாவது முதல் செல்லே 1 மி.மீ. தடிமன்! 12.5 மி.மீ. ஆரத்துக்கு அது தாங்காது. எனவே சுவர் ஃபங்ஷனை (சுவரோரத்தைச் சூத்திரத்தால் கணிக்கும் முறை) மறந்துவிட்டு ஒய் பிளஸ் 1-க்குக் கீழே போங்கள். வளைவில் உராய்வு கூடும் என்பதால் சுவரோரச் செல்களில் முதல் அடுக்கு 30 மைக்ரான், வளர்ச்சி 1.2 (அடுத்தடுத்த அடுக்கு 1.2 மடங்கு தடிமன்), 14 அடுக்கு. மொத்தம் 1.8 மி.மீ. வரும்.

பதில் 2:
செல் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் முப்பரிமாணத்தில் ஒரு திசைக்கு 1.26 மடங்குதான் நுணுக்கம். 1.3-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) இதழ் 2008-இல் தந்த வழிமுறை. 1.5 வையுங்கள்: 3, 10, 34 லட்சம். அடுக்குகளையும் அதே விகிதத்தில் நுணுக்க வேண்டும். 14 அடுக்கு 21 ஆகும், வளர்ச்சி 1.13, முதல் அடுக்கு 20 மைக்ரான். நடுப்பகுதியை மட்டும் நுணுக்கிவிட்டுச் சுவரோரத்தை அப்படியே விடுவதுதான் பலர் செய்யும் தவறு.

பிறகு ஜி.சி.ஐ. (கிரிட் கன்வர்ஜென்ஸ் இண்டெக்ஸ், மெஷ்ஷால் வரும் பிழையின் மதிப்பீடு) கணக்கு. உதாரணமாக 570, 584, 590 வந்தால்: வித்தியாசங்கள் 14, 6. அவற்றின் விகிதம் 2.33, அதன் லாகை 1.5-இன் லாகால் வகுத்தால் 2.1, இதுதான் கணக்கின் துல்லிய வரிசை. இரண்டாம் வரிசை ஸ்கீமுக்கு இது நல்ல எண். 1-ஐ ஒட்டி வந்தால் எங்கோ ஃபர்ஸ்ட் ஆர்டர் அப்விண்ட் (துல்லியம் குறைந்த முதல் வரிசை ஸ்கீம்) ஒளிந்திருக்கிறது, டர்புலன்ஸ் சமன்பாடுகளையும் பாருங்கள். மெஷ் முடிவிலிக்குப் போனால் கிடைக்கும் மதிப்பு 590 + 6/1.33 (1.33 என்பது 2.33-இல் 1 கழித்தது), சுமார் 594.5. பாதுகாப்புக் காரணி 1.25 வைத்து ஜி.சி.ஐ. 1.25 × (6/590) / 1.33, அதாவது 0.95%. ரிப்போர்ட்டில் போக வேண்டியது இந்த எண்.

பதில் 3:
ரெசிடுவல் 0.001-இல் நிறுத்தினால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது. மெஷ் வித்தியாசமே 6 பாஸ்கல் என்னும்போது இட்டரேஷன் பிழை 0.5-க்குள் இருக்க வேண்டும். அழுத்த இழப்புக்கு மானிட்டர் போட்டு, சில நூறு இட்டரேஷன்களுக்கு அது அசையாமல் நிற்கும்வரை ஓட்டுங்கள்.

இன்னொன்று, அழுத்த இழப்பு படிந்துவிட்டாலும் வளைவின் உள்பக்கத்தில் ஓட்டம் சுவரை விட்டுப் பிரியும் இடம் படிந்திருக்காது. வளைவு முடிந்து ஒரு விட்டம் தள்ளி, உள்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை வேகக் கோட்டை மூன்று மெஷ்ஷுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். உள்சுவர்ப் பக்கம் கோடுகள் விலகினால் அங்கே இன்னும் செல் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 34 லட்சம் என் லேப்டாப்பில் மிகவும் இழுக்குமே, வேறு வழி உண்டா?

பதில் 1:
வளைவும் இரு நேர்க்குழாய்களும் ஒரே தளத்தில் இருப்பதால் நடுவே சிமெட்ரி போட்டுப் பாதியை மட்டும் ஓட்டலாம், 17 லட்சத்தில் முடியும். ஸ்டெடி (நேரத்தோடு மாறாத) கணக்குக்கு மட்டும்தான் இது. 10 லட்சம் மெஷ்ஷின் பாதி மாதிரியில் கிடைத்த விடையை நுண்மெஷ்ஷில் இன்டர்போலேட் செய்து தொடங்குங்கள், நேரம் நன்றாகக் குறையும். நுழைவில் சீரான வேகம் கொடுக்காமல், தனியாக ஒரு பீரியாடிக் (வெளியேறும் ஓட்டமே மீண்டும் நுழையும்) நேர்க்குழாய் ஓட்டி அந்த வேக வடிவத்தைக் கொடுங்கள். அந்த ஓட்டத்தில் மீட்டருக்கு 503 பாஸ்கல் அருகே வருகிறதா என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.