வேகன்ஆர் 1.1: ஆயில் குடிக்குது, மேடு இழுக்கல. இஞ்சினைப் பிரிச்சே ஆகணுமா?

மலைப்பாதை09:
2008 மாடல் வேகன்ஆர், எஃப்10டி பெட்ரோல் இஞ்சின், 1,62,000 கி.மீ. ஓடியிருக்கு. ஆயில் மாத்தி 1,500 கி.மீ.க்குள்ள டிப்ஸ்டிக்ல மேல் புள்ளியிலிருந்து கீழ்ப் புள்ளிக்கு இறங்கிடுது. தரையில ஒரு சொட்டு இல்லை. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் நீலப் புகை ஒரு கொத்து வந்து நின்னுடும். இறக்கத்துல கியர்ல இறங்கிட்டு மறுபடி ஆக்சிலேட்டர் கொடுத்தா திரும்ப வரும். நேர் ரோட்டுல புகை இல்லை. ஆனா பிக்கப் சுத்தமா போச்சு, வேகம் ஏற ஏற வண்டியைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. பட்டறையில பிஸ்டன் ரிங் போயிடுச்சு, ரீபோர்தான் (சிலிண்டரை உள்ளே கடைஞ்சு பெருசாக்குறது)னு சொல்றாங்க. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற அழுத்தம்) இன்னும் பார்க்கல. பிரிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கலாம்?

ஸ்பேனர்14:
கம்ப்ரஷன் பார்க்காமலே ரீபோர்னு எப்படிச் சொன்னாங்க? நீங்க சொல்ற புகை ரிங்குக்கான புகை இல்லை. ரிங் தேஞ்சா ஆக்சிலேட்டரை அழுத்தி ஏறும்போது, லோடுல, விடாம புகையும். இரவெல்லாம் நின்ன வண்டி காலையில ஒரு கொத்து விட்டு நிக்குதுன்னா, வால்வ் சீல் (வால்வ் தண்டைச் சுத்தி ஆயிலைத் தடுக்கிற ரப்பர்) விறைச்சுப்போய் ஆயில் தண்டு வழியா இறங்கியிருக்கு. இறக்கத்துல திராட்டில் மூடியிருக்கும்போது காத்து உள்ள வர்ற மேனிஃபோல்டுல வாக்யூம் அதிகம், அது ஆயிலை இன்லெட் வால்வ் வழியா உறிஞ்சும்.

முதல்ல பிசிவி வால்வை (இஞ்சின் அடிப்பாகத்துல, அதாவது கிராங்க் கேஸ்ல, சேர்ற காத்தை வெளியே இழுத்து விடுற வால்வ்) கழற்றி ஆட்டிப் பாருங்க, கடகடன்னு சத்தம் வரணும். ஐடிலிங்ல விரலை வெச்சா இழுக்கணும். அது அடைச்சிருந்தா கிராங்க் கேஸ்ல காத்து தங்கி, நல்ல ரிங்கா இருந்தாலும் ஆயிலைத் தள்ளும்.

அப்புறம் கம்ப்ரஷன். இஞ்சின் சூடா, பேட்டரி முழு சார்ஜ்ல இருக்கணும். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்து இஞ்சின் தானா நிக்கிற வரை விடுங்க. காயில் கனெக்டரைக் கழட்டி, நாலு பிளக்கையும் எடுத்துட்டு, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலயும் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிச்சு ஸ்டார்ட்டரால 5, 6 சுத்து. நிறைய பேர் ஆக்சிலேட்டரை மிதிக்க மறந்துட்டு 110 வருதுன்னு பயந்துக்கிறாங்க, அது காத்து உள்ள போகாததால வர்ற குறை. எழுதி வெச்சுட்டு, ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்க. 30, 40 பி.எஸ்.ஐ. ஏறினா ரிங். ஏறவே இல்லைன்னா வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டரோட மேல் மூடியான ஹெட்டுக்கு அடியில இருக்கிற சீல்).

புகைக்குழல்:
ஆயில் பத்தி மேலே சொல்லிட்டாங்க. பிக்கப்புக்கு நீங்க தனியாத்தான் தேடணும். வால்வ் சீல் போனா ஆயில் குறையுமே தவிர, இந்த அளவு இழுவை குறையாது. ஏர் ஃபில்டர், பிளக், கிளட்ச் நழுவல், பிரேக் பிடிச்சுக்கிட்டு ஓடுறது, இதெல்லாம் பத்து நிமிஷத்துல பார்த்துடலாம். எனக்குச் சந்தேகம் கேட்டலிடிக் கன்வர்ட்டர் (எக்ஸாஸ்ட் குழாயில புகையைச் சுத்திகரிக்கிற பாகம்) மேலதான். எரிஞ்ச ஆயிலோட சாம்பல் அந்தத் தேன்கூட்டு ஓட்டையில படிஞ்சு அடைக்கும். வேகம் ஏற ஏற கட்டிப் போடுறது அதோட அடையாளம்.

கன்வர்ட்டருக்கு முன்னால இருக்கிற ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில பிரஷர் கேஜ் மாட்டுங்க. ஐடிலிங்ல 1.25 பி.எஸ்.ஐ.க்கு மேல, 2,500 ஆர்.பி.எம்.ல 3க்கு மேல காட்டினா அடைப்பு. கேஜ் இல்லைன்னா சென்சாரைக் கழற்றின ஓட்டையோடவே ஒரு சின்ன மேடு ஏத்திப் பாருங்க. சத்தம் காதைப் பிளக்கும், செக் லைட் எரியும், ஆனா இழுவை திரும்பினா விஷயம் முடிஞ்சது. அந்த ஓட்டைக்கிட்ட வயர் எதுவும் தொங்கக் கூடாது.

எண்ணெய்க்குடம்:
20டபிள்யூ-50 ஊத்துங்க, புகை நிக்கும்.

ஸ்பேனர்14:
குறையும், நிக்காது. விறைச்ச ரப்பர் கெட்டி ஆயிலால இளகாது. குளிர்ல ஸ்டார்ட் பண்றப்ப மேலே ஆயில் ஏறத் தாமதமாகும், அவ்வளவுதான் பலன்.

லேத்துமேடை:
ஒருவேளை ரிங்தான்னு வந்தா, ரிங் செட் மட்டும் மாத்தச் சம்மதிக்காதீங்க. இந்த இஞ்சினுக்கு போர் (சிலிண்டரோட உள்விட்டம்) 68.5 மி.மீ. போர் கேஜால மேல, நடு, கீழன்னு மூணு இடத்துல, குறுக்கும் நெடுக்குமா அளக்கச் சொல்லுங்க. வித்தியாசம் 0.10 மி.மீ. தாண்டினா ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன். அதுக்குள்ள இருந்தா ஹோனிங் (உள்சுவரை லேசா உரசி விடுறது) போதும். முட்டை வடிவத்துல தேஞ்ச போர்ல வட்டமான புது ரிங் உக்காராது, திரும்ப ஆயில் குடிக்கும். பழி ரிங் கம்பெனி மேல விழும்.

மலைப்பாதை09:
பார்த்தாச்சு. பிசிவி நல்லா இருக்கு. கம்ப்ரஷன் 172, 168, 174, 170. ஆயில் விட்டதும் ஒவ்வொண்ணும் 8, 10 தான் ஏறிச்சு. எக்ஸாஸ்ட் கேஜ் 2,500ல 5 காட்டுது.

ஸ்பேனர்14:
அப்போ ரீபோர் பேச்சே வேண்டாம். 16 வால்வ் சீலையும் மாத்துங்க, அதுவும் ஹெட்டை இறக்காமலே. டைமிங் மார்க்கைப் பெயின்ட்ல குறிச்சு, பெல்ட், ராக்கர், கேம் ஷாஃப்ட்டை எடுத்துடுங்க. வேலை பார்க்கிற சிலிண்டரோட பிஸ்டன் கீழே இருக்கும்போது பிளக் ஓட்டை வழியா நைலான் கயிறைத் திணிச்சு, கிராங்கைக் கையால திருப்பி பிஸ்டனை மேலே கொண்டு வாங்க. கயிறு வால்வைத் தாங்கிப் பிடிக்கும், உள்ளே விழாது. கயிறோட நுனி வெளியிலேயே இருக்கட்டும். காட்டர் (வால்வ் ஸ்பிரிங்கைப் பூட்டி வைக்கிற சின்னத் துண்டு) தெறிச்சு விழும், ஆயில் இறங்கும் ஓட்டைகளைத் துணியால அடைச்சுட்டு ஸ்பிரிங்கை அமுக்குங்க. பழைய சீலை எடுத்ததும் தண்டைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. தாராளமா ஆடினா கைடும் (தண்டு ஓடுற குழாய்) தேஞ்சிருக்கு, புது சீல் சில மாசம்தான் தாங்கும், அப்போ ஹெட்டை இறக்கித்தான் ஆகணும். பெல்ட் மாட்டுறதுக்கு முன்னாடி கிராங்கைப் பழைய மார்க்குக்குக் கொண்டு வர மறக்காதீங்க. கடைசியில டாப்பெட் கிளியரன்ஸ் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) சரி பண்ணுங்க.

புகைக்குழல்:
அது முடிஞ்சு 500 கி.மீ. ஓட்டி, டிப்ஸ்டிக் இறங்கலைன்னு பார்த்துட்டு கன்வர்ட்டரை மாத்துங்க. முதல்லயே மாத்தினா புதுசும் அதே ஆயில்ல அடைச்சுக்கும். உள்ளே குத்தி வெறும் குழாயா ஆக்கித் தர்றேன்னு சொல்ற பட்டறை உண்டு, கேக்காதீங்க. அது சட்டப்படி தப்பு, புகைச் சான்றிதழுக்கும் சிக்கல்.